ஹவில்தார் சட்டை மாற்றிய ஞாயிறு

ராஜபாளையம்
3-3-2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிப்ரவரி ஆறாம் தேதி, மாலை நாலு மணி பதினேழு நிமிஷம். மில்லில் எதை எழுதினாலும் நேரத்தைப் போட்டுத்தான் தொடங்குவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் டைம் ஆபீஸுக்குச் செய்தி வந்த நேரம் அது. எலினா போய் இன்றைக்கு இருபத்தாறு நாள்.

வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அத்தைக்கு சுகர் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. எனக்கோ இப்போதெல்லாம் போனில் பேச வருவதில்லை. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். அவள் வளர்த்த டாரன்டுலா சிலந்தி இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. பெங்களூரில் ஒருவரிடம் ரசீதோடு வாங்கி, முறையாகப் பதிவும் செய்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். நான் அந்தக் கண்ணாடித் தொட்டியை ஒரு தடவைகூடத் திறந்தது கிடையாது. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இப்போது எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, சிலந்திக்குத் தீனியாக அவள் வளர்த்த கரப்பான் டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. யார் திறந்தார்களோ. அடுப்படி முழுக்கக் கரப்பான். வேட்டியைக்கூட மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்துவிட்டது.

சிலந்தி வளர்ப்பு பற்றி ஒரு பச்சை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கிறிஸ்மஸுக்கு வந்தபோது உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னாள். தேடிப் பாருங்கள். இதையும் நான் விட்டுவிட்டேன் என்று ஆகக் கூடாது.

ஜெர்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-3-2024

மாப்பிள்ளைக்கு,

கர்த்தர் கிருபையால நானும் உங்க அத்த ஏசம்மாளும் சுகம். நீங்க காயிதத்து மேல ஸ்தோத்திரம் போடாம எழுதியிருக்கீங்கன்னு ஏசம்மாள் பாத்தா. "போடத் தோணும்போது போடட்டும், நீரு ஒண்ணும் கேக்காதேயும்"னா. சரின்னுட்டேன்.

எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். பீரங்கி ரெஜிமெண்ட்ல இருபத்திரெண்டு வருசம் இருந்து காது போச்சு. ஏசம்மாள் வாயசைச்சாப் புரிஞ்சுக்கிடுவேன், மத்தபடி கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

ராசபாளையத்துல போயி நாய் வளக்காம சிலந்தி வளத்தவ எம்புள்ள ஒருத்திதான் இருப்பா. கல்யாணத்துக்கு முந்தியே சொன்னேன், மாப்பிள்ள ஓடிப்போயிருவாருன்னு. நீங்க ஓடல. எனக்கு அதப் பாத்தாலே குலை நடுங்கும். யாருகிட்டயாவது குடுத்துருங்கன்னு எழுதப் போனேன். ஏசம்மாள் பேனாவப் பிடுங்கிட்டா. "அவ கையால சோறு போட்டது"ங்கா. கரப்பானுக்குப் பேரு சோறாம்.

நோட்டத் தேடுதோம். எம்மவ டிரங்குப் பெட்டி இன்னும் தொறக்கல. ஏசம்மாள் தொறக்க விட மாட்டேங்கா.

முன்னாள் ஹவில்தார் தேவஇரக்கம்


ராஜபாளையம்
17-3-2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும். அத்தையிடம் பெட்டியை மெதுவாகவே திறக்கச் சொல்லுங்கள்.

நோட்டு வரும்வரை எனக்குத் தெரிந்த வழியில் செய்கிறேன். நூல் அறாமல் ஓட மில்லுக்குள் காற்றின் ஈரம் அறுபது சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த ஈரப்பத பிளாண்ட்தான் ஆறு வருஷமாக என் பொறுப்பு. எலினா போன மறுநாளிலிருந்து தொட்டி காய்ந்து கிடந்தது. அதனால் அங்கேயும் அறுபத்தைந்து வைத்துவிட்டேன். சின்ன ஸ்பிரேயர், டைமர், மீட்டர் எல்லாம் மாட்டியிருக்கிறேன். மணிக்கொரு தடவை ரீடிங் எடுத்து எழுதுகிறேன். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

ஆனால் நாலு நாளாக அது கீழே இறங்கவே இல்லை. கண்ணாடியில் ஏறி, எட்டுக் காலையும் ஒட்டிக்கொண்டு, மூடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எலினா அந்தப் பக்கமாகத்தான் மூடியைத் திறப்பாள். அவளைத் தேடுகிறது என்று நினைக்கிறேன். நானும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. வருமென்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பிளாண்ட் வேலையை விட்டு, டைம் ஆபீஸில் வருகை பதியும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. இங்கே போன் கையிலேயே வைத்திருக்கலாம்.

ஜெர்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24-3-2024

மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம்.

உடம்பப் பாத்துக்கிடுங்க. நோட்டு கெடச்சிருச்சு. பெட்டிய ஏசம்மாளே தொறந்தா. செத்த நேரம் உள்ள பாத்துக்கிட்டே நின்னா, பொறவு நோட்ட எடுத்து எங்கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நூத்தி நாப்பது பக்கம். பட்டாளத்துல உத்தரவக் குறுக்க வாசிக்கக் கூடாது, முதல் வரியிலருந்து வாசிக்கணும். பூதக்கண்ணாடி வச்சு தெனம் ஒரு பக்கம்னு வச்சிருக்கேன். மூணாம் பக்கத்துலயே உங்க குட்டு உடைஞ்சு போச்சு. எம்மவ எழுதுனத அப்படியே எழுதுதேன்:

"இது சிலி நாட்டுக் காய்ந்த பூமியில் பிறந்தது. மண் உலர்ந்தே இருக்க வேண்டும். குடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மண் ஈரமானால் காலை வைக்கப் பிடிக்காமல் கண்ணாடியில் ஏறி நிற்கும். அங்கிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து சாகும்."

அது தேடவும் இல்ல, ஒண்ணும் இல்ல மாப்ள. கால் நனையுதுன்னு ஏறி நிக்கி! சிலந்திய மில்லுல வேலைக்கு வச்சிருக்கீங்க. அந்த ஸ்பிரேயரக் கழட்டி எறிங்க.

டைம் ஆபீஸுக்கு எதுக்கு மாறுனீங்க? பிளாண்டு உங்க உசுராச்சே. போன் எதுக்குக் கையில? சிலந்தி பேரு என்ன, அதையும் சொல்லல.

தேவஇரக்கம்


ராஜபாளையம்
2-4-2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலமா? ஸ்பிரேயரைக் கழற்றிவிட்டேன். ஈர மண்ணை எடுத்துவிட்டுக் காய்ந்த மண் போட்டேன். சாயங்காலம் ஒரு காலைக் கீழே வைத்துப் பார்த்தது. எடுத்தது. திரும்ப வைத்தது. எல்லாக் காலும் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் ஒரு கரப்பானைப் பிடித்துத் தின்றது. அன்றைக்கு நானும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜெர்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12-5-2024

மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம்.

பிறகு எழுதுறேன்னு சொல்லி நாப்பது நாளாச்சு. வெயில் எப்படி? இங்க கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு.

போன வாரம் உங்க அத்த அங்க வந்துட்டுப் போனாள்ல, வந்து எங்கிட்டச் சொல்லிட்டா. இடது கையில போன், வலது கையில சோறு. குளிக்கப் போறப்பவும் சன்னல்ல போன். கட்டில்ல தலமாட்டுல போன். அது அடிக்கவும் செய்யுது, ஆனா நீங்க எடுக்க மாட்டேங்கீங்க. சத்தமே இல்லாத நேரத்துலயும் எடுத்து எடுத்துப் பாக்கீங்களாம். "அவரு யாருக்குக் காத்துக்கிட்டு இருக்காருன்னு எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதுட்டா.

நான் சுத்தி வளச்சுக் கேக்கத் தெரியாதவன். அந்தப் போன்ல என்ன இருக்கு?

பதில் எழுதாம இருந்தீங்கன்னா நேர்ல வந்து நிப்பேன். காது கேக்காதவன்கிட்ட நீங்க மழுப்பவும் முடியாது, எழுதித்தான் காட்டணும்.

தேவஇரக்கம்


ராஜபாளையம்
26-5-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் கேட்க எனக்கு இன்றைக்கு முகமில்லை.

அந்தப் போனில் மூன்று மிஸ்டு கால் இருக்கிறது. ஆறாம் தேதி மாலை 3:05, 3:08, 3:11. மூன்றும் எலினா. பஞ்சு பறக்கிற இடம் என்பதால் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலு பதினேழுக்கு டைம் ஆபீஸில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது லாக்கரைத் திறந்து எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள் டாக்டர்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாமா, அவளுக்கு முடியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தடவை. நான் மில்லுக்கு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மகளை நான் இப்படித்தான் விட்டேன். நீங்கள் என்ன எழுதினாலும் சரி.

சிலந்தி ஒரு மாதமாக எதுவும் தின்னவில்லை. முதுகுப் பக்கம் வயிறு கறுத்துவிட்டது.

ஜெர்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-6-2024

மாப்பிள்ளைக்கு,

உங்க காயிதம் வந்து பத்து நாளாச்சு. நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். பதில் வரலன்னு நீங்க என்னத்த நெனச்சிருப்பீங்கன்னு தெரியும். அது இல்ல.

எனக்கும் போன் வந்துச்சு. 3:14. உங்களுக்குப் போட்டுட்டு எனக்குப் போட்டிருக்கா. அன்னிக்கி ஏசம்மாள் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிட்டா. நான் எடுத்தேன். அவ படம் தெரிஞ்சா எடுத்துருவேன். ஒண்ணும் கேக்காது, "சரிம்மா, சரிம்மா"ம்பேன். அப்பாவுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சே அவளும் பேசுவா. எப்பவும் அப்படித்தான். அன்னிக்கும் நாலஞ்சு தடவ "சரிம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வச்சுட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனேன் மாப்ள.

நீங்க எடுக்கல. நான் எடுத்தேன். எடுத்தும் விட்டேன். ஏசம்மாளுக்கு இது தெரியாது. இன்னிக்கித்தான் சொல்லப் போறேன்.

நாம ரெண்டு பேரும் நாலு மாசமா அவ என்ன சொன்னான்னு தெரியாமலேயே செத்துக்கிட்டு இருக்கோம். யாருக்காவது தெரிஞ்சிருக்கும்ல? காலேஜுல அவகூட ஒரே ஸ்டாஃப் ரூம்ல இருந்த டீச்சரு வெங்கடேஸ்வரி பிரசவ லீவு முடிஞ்சு சூலைல வாரா. நான் நேர்ல போயிக் கேக்கப் போறேன். எதுவா இருந்தாலும் கேட்டுக்கிடுவோம்.

சிலந்தி வயித்தப் பத்தி நோட்டுல இன்னும் வரல. எழுபத்தேழாம் பக்கத்துல நிக்கேன்.

தேவஇரக்கம்


ராஜபாளையம்
23-6-2024, காலை 8:10

அன்புள்ள மாமாவுக்கு,

காலை 6:40க்குப் பார்த்தேன். மல்லாந்து கிடக்கிறது. எட்டுக் காலும் மேலே. கண்ணாடியைத் தட்டினேன், அசைவில்லை. செத்துவிட்டது.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்டேன். இது ஒன்றையாவது காப்பாற்றிவிடுவேன் என்று நினைத்தேன். முடியவில்லை.

எலினாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கல்லறைத் தோட்டத்தில் அதற்கு அனுமதி உண்டா, போதகர் ஐயரிடம் கேட்க வேண்டுமா, தெரியாது. நீங்கள் சரி என்றால் சரி. மத்தியானம் ஒரு மணிக்கு அதை எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். மில் வேன் டிரைவர் பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறார். இதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் ஆராதனை முடிந்து வந்ததும் தருவார்.

ஜெர்வின்


ராஜபாளையம்
24-6-2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஸ்தோத்திரம். அத்தை, பாருங்கள், போட்டுவிட்டேன்.

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். மாமாவுக்குத் தான் பேசியது பாதிதான் தெரியும், மறுபாதி என் பக்கம் இருக்கிறது. பெட்டி தயார். கையில் கரண்டி. தொட்டியைத் திறந்துவிட்டேன். மணி 12:52. போன் அடித்தது. திரையில் மாமா பெயர். யாருக்கும் போன் போடாத மனுஷன் கூப்பிடுகிறாரே என்று நானும் என்னை மறந்து எடுத்துவிட்டேன். காதில் வைத்தது தப்பு.

"மாப்ள! தொடாதீங்க! அது சாகல! சட்ட கழட்டுது! நூத்தி மூணாம் பக்கம்! மல்லாக்கப் படுத்துத்தான் கழட்டுமாம்! கேக்குதா? எனக்கு ஒண்ணும் கேக்காது, நீங்க பதில் சொல்லாதீங்க! தொட்டா செத்துரும்! கைய எடுங்க!"

நான் "எடுத்துட்டேன் மாமா" என்கிறேன். அங்கே திரும்பவும் முதலிலிருந்து. "மாப்ள! தொடாதீங்க!" அத்தை பின்னால், "ஒரு தடவ சொன்னாப் போதும்யா, தெரு பூரா கூடிட்டு" என்பது கேட்டது. மாமா ஐந்து தடவை சொன்னார். உத்தரவு போலச் சொன்னார். அந்தப் போன் எனக்கு நல்ல செய்தி கொண்டுவரும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

கரண்டியைக் கீழே வைத்தேன். மூடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றரைக்கு ஒரு கால் லேசாக அசைந்தது. அப்புறம் மெல்ல மெல்ல, கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல எட்டுக் காலையும் உருவியது. 3:20க்கு இரண்டு சிலந்தி கிடந்தது. ஒன்று வெறும் தோல். இன்னொன்று புதுசு, ஈரமாக, சாம்பல் ரோஜா நிறத்தில்.

மாமா, எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். சிரிப்பும் வந்தது. ஒரு கரண்டி தூரத்தில் அதைக் கொன்றிருப்பேன்.

நாளுக்கு ஒரு பக்கம்தானே வாசிப்பீர்கள்? நூற்று மூன்றுக்கு எப்படிப் போனீர்கள்?

ஜெர்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5-7-2024

மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம்.

மொதல்ல உங்க கேள்விக்கு. உங்க காயிதத்த வாசிச்சதும் உத்தரவ மீறிட்டேன். ஏசம்மாளும் நானும் ஆளுக்குப் பாதி நோட்டப் பிரிச்சுப் பொரட்டுனோம். கண்டுபிடிச்சது அவ. இனிமே பட்டாளத்துச் சட்டம் இந்த வீட்டுல செல்லாதுன்னுட்டா. சட்ட கழட்டுன நாள்லருந்து பதினஞ்சு நாளைக்கு அதுக்குத் தீனி போடக் கூடாதாம், புதுப் பல்லு எளசா இருக்குமாம்.

இப்ப பெரிய விசயம். முந்தாநாளு காலேஜுக்குப் போனேன். வெங்கடேஸ்வரி டீச்சர் என்னப் பாத்ததும் அழுதுட்டு. வாயில சொன்னா எனக்குக் கேக்காதும்மா, எழுதிக் குடுன்னேன். அங்கயே மேசையில உக்காந்து எழுதுச்சு. வீட்டுல தெலுங்கு பேசுற புள்ள, தமிழ் எம்புட்டு அழகா எழுதியிருக்கு பாருங்க. நான் ஏழு தடவ வாசிச்சேன். ஏசம்மாள் பைபிளுக்குள்ள வைக்கக் கேட்டா. மாப்பிள்ளைக்குத்தான் மொதல்லன்னு சொல்லி அனுப்புறேன். நிதானமா வாசிங்க.

தேவஇரக்கம்

கூட வைத்திருந்த தாள்:

"ஐயா, அன்றைக்கு மூன்று மணிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வகுப்பு இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். எலினா திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். 'ஐயோ வெங்கி, கரப்பான் டப்பாவ மூடாம வந்துட்டேன்டி! அவரு வீட்டுக்கு வந்து அடுப்படியப் பாத்தாருன்னா இன்னிக்கி என்னத் தொட்டியில அடைச்சிருவாரு' என்றாள். ஜெர்வின் சாருக்கு மூன்று தடவை போட்டாள். எடுக்கவில்லை. 'லாக்கர்ல தூங்குது' என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு உங்களுக்குப் போட்டாள். அம்மாவிடம் சாவி இருக்கிறது, யாரையாவது போய் மூடச் சொல்லலாம் என்று. நீங்கள் 'சரிம்மா சரிம்மா' என்றது எனக்கே வெளியில் கேட்டது. போனை வைத்துவிட்டு, 'எங்கப்பாட்ட என்ன சொன்னாலும் சரிதான், தங்கமான மனுசன்' என்றாள். அப்புறம் டீ குடித்தோம். எட்டு விடைத்தாள் திருத்தினாள். 3:40க்குத்தான் தலை வலிக்கிறது என்றாள். உடனே சாய்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் வண்டியில் ஏற்றிவிட்டோம். யாரையும் கூப்பிட அவளுக்கு நேரம் இல்லை. அதுவரைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இதை யாரும் என்னிடம் கேட்காததால் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். வெங்கடேஸ்வரி."


ராஜபாளையம்
14-7-2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஸ்தோத்திரம். நான் நல்லா இருக்கேன். இந்தத் தடவை இதைச் சும்மா எழுதல.

இனிமே நானும் பேசுற மாதிரியே எழுதுறேன். வெங்கடேஸ்வரி டீச்சர் எழுதுனத எத்தனை தடவை வாசிச்சேன்னு தெரியல. மொத தடவை வாசிச்சதும் எந்திரிச்சுப் போயி அந்த டப்பா மூடியத்தான் பாத்தேன். இறுக்கமா மூடியிருந்துச்சு. அப்படியே அடுப்படியில உக்காந்துட்டேன். அன்னிக்கி ராத்திரி பூரா அந்தக் கரப்பானப் பிடிச்சேனே மாமா, அவ அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கா. சொல்ல வந்த வேலைய அவ சொல்லாமலே செஞ்சு முடிச்சிருக்கேன். நீங்க "சரிம்மா"ன்னதும் தப்பில்ல. அவளுக்கு அது போதுமா இருந்திருக்கு.

தாளத் திருப்பி அனுப்பியிருக்கேன். அத்தை பைபிள்லயே இருக்கட்டும்.

சிலந்தி நேத்து மொதக் கரப்பானப் பிடிச்சுது. புதுப் பல்லு நல்லா வேலை செய்யுது. உரிச்ச தோல ஒரு கண்ணாடி டப்பாவுல வச்சிருக்கேன், வரும்போது கொண்டாரேன். மாமா தள்ளி நின்னே பாக்கலாம், அது கடிக்காது.

பேரு கேட்டீங்கல்ல. கோவப்படக் கூடாது. அதுக்குப் பேரு ஹவில்தார். வச்சது உங்க மகதான். "மூஞ்சி பூரா மீசை, வெறப்பா உக்காந்திருக்கும், எம்புட்டு கூப்பிட்டாலும் காது கேக்காது, ஆனா வீட்டுக்குக் காவலா ஒண்ணு இருக்குங்கிற தைரியம்" அப்படின்னு சொல்லுவா. பொட்டைச் சிலந்தின்னு தெரிஞ்சேதான் வச்சா. அத்தை, சிரிக்கறது இங்க கேக்குது.

இன்னிக்கிலருந்து திரும்பவும் பிளாண்ட் வேலை. மேனேஜர்கிட்ட நானே போயிக் கேட்டேன். "எப்ப வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்"னாரு. ரெண்டு மணி ஷிப்ட். இத லாக்கர் ரூம் பெஞ்சுல உக்காந்து எழுதுறேன், மணி ஒண்ணு அம்பது. உள்ள மோட்டார் சத்தம் கேக்குது. கேட்டு எம்புட்டு நாளாச்சு.

அவசரம்னா டைம் ஆபீஸுக்குப் போடச் சொல்லுங்க. மாமாவே பேசுனா டைம் ஆபீஸ் கூட வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்தே பிளாண்டுக்குக் கேக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அங்க வாரேன். மத்தியானம் சோறு ஆக்கி வைங்க. ரெண்டு கையாலயும் சாப்பிடுவேன்.

பெல் அடிச்சிட்டாங்க. போன ஆஃப் பண்ணிட்டேன்.

உங்கள் மகன்
ஜெர்வின்